சாமிக்கு ஒரு நாடு கட்டுவது எப்படி?

ஃபேன்டஸி கதை எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரமே ஒரு சொர்க்கத்தைக் கட்டி முடித்துவிடுகிறார்கள். பொன் மாளிகை, பளிங்குத் தூண், பாலாறு, ஒளி வீசும் காவலர்கள். சாமியை நம்பினவர்கள் செத்தபிறகு அங்கே போவார்கள், சுகமாக இருப்பார்கள். கதையும் அங்கேயே படுத்துவிடும். சுகமாக இருக்கிறவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

தன்னை நம்பியவர்களுக்காக ஒரு தெய்வம் தனியாக வைத்திருக்கும் அடைக்கல நாடு, நாவலிலும் சரி, பகடை உருட்டி விளையாடும் மேசைக் கதை விளையாட்டிலும் சரி, அடிக்கடி தேவைப்படும் ஒன்று. அதை உருப்படியாகக் கட்டுவதற்கான வழிமுறை கீழே. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வேண்டிய சரக்கெல்லாம் நாகர்கோவிலில் டவுன் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் கிடக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்க் கோயிலை வைத்து இதையே செய்யலாம்.

தொடங்கும் முன் ஒரு நிபந்தனை. கதைக்குச் சொந்தமாக ஒரு தெய்வத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். நாளைக்குக் காலையில் ஒருவர் போய்க் கும்பிடப்போகிற சாமியைப் பாத்திரமாக்கி வசனம் பேச வைக்க வேண்டாம். சாமிகளிடமிருந்து விதிகளை எடுக்கலாம், பெயரை எடுக்கக் கூடாது. இந்தக் கட்டுரைக்காக நானும் ஒருத்தியை உண்டாக்கிக்கொள்கிறேன்: விடிலிக்காரி. பனையேறியின் மனைவி. அக்கானி, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலி தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிச் செத்தவள், பிறகு தெய்வமானவள். கொலைப்பட்டவர்களும் அநியாயமாகச் செத்தவர்களும் தெய்வமாகித் தங்க ஒரு நிலையம் கேட்பது நம் பக்கத்து வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த யாருக்கும் புதிதல்ல. அவளுடைய நாட்டுக்கு ‘தாழ்பனை’ என்று பெயர் வைக்கிறேன்.

முதல் படி: எதிலிருந்து அடைக்கலம்?

நாட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு எழுதலாம். முதலில் எழுத வேண்டியது, அங்கே ஓடி வருகிறவர்கள் எதற்குப் பயந்து ஓடி வருகிறார்கள் என்பது. அந்தப் பயம் எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நாடும் துல்லியமாக அமையும். ‘தீமையிலிருந்து’ என்று எழுதினால் ஒன்றுமே எழுதவில்லை என்று பொருள்.

சாமித்தோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதி, திருவிதாங்கூர் ஆட்சி. பனையேறிகள் ஏறும் ஏணிக்கும் காலில் மாட்டும் தளைக்கும்கூட வரி இருந்த காலம். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோள்சீலை போட உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். அதற்கான அரச ஆணை 1859இல்தான் வந்தது. தலைப்பாகை கட்டக் கூடாது, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, பெரிய கோயிலுக்குள் போகக் கூடாது. அந்தச் சூழலில் அய்யா வைகுண்டரின் பதியில், அதாவது சாமித்தோப்பில் உள்ள வழிபாட்டு இடத்தில், என்ன வைத்தார்கள் என்று பாருங்கள். எல்லாச் சாதியும் சேர்ந்து புழங்க முத்திரிக் கிணறு. ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடும் முறை. பள்ளியறையில் ஒரு கண்ணாடி. கும்பிடப் போகிறவனுக்கு அதில் தெரிவது அவன் முகம். எதையெல்லாம் வெளியே மறுத்தார்களோ, உள்ளே அதற்குப் பதிலாக ஒரு பொருள் இருக்கிறது. பொன் மாளிகைக்கு அங்கே வேலையில்லை.

1841ஐ ஒட்டி எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானை, வரப்போகும் தர்ம யுகத்தைப் பற்றியும் பேசுகிறது. நம் மாவட்டத்திலேயே பிறந்த, நம்பினவர்களுக்கான நாடு ஒன்றின் முழுச் சித்திரம் அது. அதைக் கதைப் பொருளாக்க வேண்டாம், அது பலருக்கு வேதம். ஆனால் துன்பப்பட்டவன் கனவு காணும் நாடு எப்படிப்பட்ட விவரங்களால் ஆனது என்று தெரிந்துகொள்ள அதை வாசிக்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பயிற்சி இதுதான். ஒரு தாளை நடுவே மடித்து, இடப்பக்கம் வெளியே உள்ள கொடுமைகளை எழுதுங்கள். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே கையால் தொடக்கூடிய ஒரு பொருள். தாழ்பனைக்கு நான் எழுதியது: பனையிலிருந்து விழுந்து சாவது – அங்கே எந்தப் பனையும் ஆள் உயரத்துக்கு மேல் வளராது, நின்றபடியே கலயத்தை எடுக்கலாம். ஏணி வரி – வாசலில் பழைய ஏணிகளை அடுக்கி எரிக்கிற ஓர் அடுப்பு. விடிலிப் புகையில் கண் போன பெண்கள் – புகை மேலே போகாமல் தரையோடு ஒழுகி ஓடையில் இறங்கிவிடும். மூன்று வரி போதும். நாடு கண்ணில் தெரியத் தொடங்கிவிட்டது.

இரண்டாம் படி: எல்லையைக் காலால் அளந்து போடுங்கள்

எல்லை இல்லாத அடைக்கலம் அடைக்கலமே இல்லை. துரத்துகிறவன் எந்த இடத்தில் நிற்க வேண்டும்? எல்லைக்கல்லா, ஆறா, ஒரு சொல்லா?

இதற்கு, சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடிச் சுற்றும் சிவாலய ஓட்டத்தின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. தருமரின் யாகத்துக்காக, பாதி மனிதனும் பாதி விலங்குமான புருஷாமிருகத்தைத் தேடி வருகிறான் பீமன். அது தீவிரச் சிவபக்தி கொண்டது, திருமாலின் பெயர் காதில் விழுந்தாலே ஆகாது. பீமன் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவிக்கொண்டு ஓட, அது துரத்துகிறது. நெருங்கும்போதெல்லாம் கண்ணன் கொடுத்த ருத்திராட்சம் ஒன்றைக் கீழே போடுகிறான். விழுந்த இடத்தில் சிவலிங்கம் தோன்றுகிறது. புருஷாமிருகம் துரத்துவதை விட்டுப் பூசை செய்ய உட்கார்ந்துவிடும், பீமன் தப்புவான். பன்னிரண்டாவது இடத்தில் அவனுடைய ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. அந்த நேரம் பிடித்துவிடுகிறது. வழக்கு தருமரிடம் போகிறது. தம்பி என்று பார்க்காமல், உள்ளே இருந்த பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கு என்று தீர்ப்புச் சொல்கிறார் அவர்.

எழுதுகிறவன் கவனிக்க வேண்டியவை இதில் நிறைய. எல்லை ஒரு கால் தடத்தின் அளவுக்குத் துல்லியமாக இருக்கிறது. அதை மீறினால் என்ன என்பதற்கு நீதிபதி இருக்கிறார். நீதிபதி தன் ரத்தத்துக்கும் விலக்குக் கொடுப்பதில்லை. வாசகனுக்குப் பயம் வருவது அங்கேதான். உங்கள் கதாநாயகியின் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நிற்கும் காட்சிக்கான விதியை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். எழுபதாவது பக்கத்தில் அவசரத்துக்குக் கண்டுபிடிக்கும் விதி அவளுக்குச் சாதகமாகத்தான் வரும், வாசகனுக்கும் அது தெரிந்துவிடும்.

எல்லையாக ஆறு வேண்டும் என்றால் திருவட்டாறு போய்ப் பாருங்கள். ஆதிகேசவப் பெருமாள் கோயிலைக் கோதையாறும் பறளியாறும் சுற்றி வருகின்றன. தலபுராணப்படி அந்த ஆறுகள் சாமியைக் காக்க வந்தவை அல்ல, அடித்துக்கொண்டு போக வந்தவை. பூமாதேவி நிலத்தை உயர்த்திக் கொடுக்க, சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பகையாக வந்ததே அரணாகி நிற்கிறது.

மூன்றாம் படி: யார் பக்தன் என்பதை யார் முடிவு செய்வது?

புதியவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது. ‘உண்மையான பக்தி உள்ளவர்கள் மட்டும் நுழைய முடியும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். உண்மை என்று எப்படித் தெரியும்? யாரோ ஒருவர் சோதிக்க வேண்டும். சோதிக்கிறவர் கையில் அதிகாரம் வந்துவிடும். கதையின் நெருப்பு அந்த அதிகாரத்தில் இருக்கிறது.

சோதனைகள் மூன்று விதம்.

முதலாவது, மனிதர்கள் நடத்தும் சோதனை. சுசீந்திரத்தில் ஒருகாலத்தில் கைமுக்கு என்று ஒரு முறை இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும், கை வேகாவிட்டால் குற்றமற்றவர். 19ஆம் நூற்றாண்டில் சுவாதித் திருநாள் காலத்தில் அதை நிறுத்தினார்கள். இன்னும் கொடுமையானது சோதனையே வைக்காமல் பிறப்பைப் பார்த்து வாசலை மூடுவது. 1936 நவம்பர் 12இல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை திருவிதாங்கூர் அரசுக் கோயில்களில் நடந்தது அதுதான். உங்கள் புனித நாட்டிலும் இப்படி ஒரு பழைய விதி இருந்து, அது என்றைக்கு, யாரால் எடுக்கப்பட்டது என்று ஒரு வரலாறு எழுதுங்கள். எடுக்கப்பட்டதை ஏற்காத ஒரு கூட்டத்தையும் உள்ளே குடிவையுங்கள்.

இரண்டாவது, உடம்பு தரும் சாட்சி. சிவராத்திரிக்குச் சிவாலயம் ஓடுகிறவர்கள் முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடிக்கிறார்கள். பன்னிரண்டு கோயில், நூறு கிலோமீட்டருக்கு மேல், காவி உடை, கையில் பனையோலை விசிறி. யாரும் மதிப்பெண் போடுவதில்லை. ஓடி முடித்தவன் கால் கொப்புளம் அவனுக்குத் தெரியும். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சிவன் கோயிலுக்குச் சிவன் கோயில் ஓடுகிறவர்கள் வழியெல்லாம் கூவுவது கோவிந்தன் பெயரை. வெளியூர்க்காரன் ஒருவன் அதைக் கேட்டால் துரோகம் என்றுகூட நினைப்பான். வெளியிலிருந்து பார்த்தால் துரோகம் மாதிரித் தெரிகிற பக்தி ஒன்றை உங்கள் நாட்டிலும் வையுங்கள், காவலன் எவனாவது அதைத் தப்பாகப் புரிந்துகொள்ளட்டும்.

மூன்றாவது, ரகசியம். சுசீந்திரத்தில் இரவுப் பூசை இந்திரன் வந்து செய்வதாக நம்பிக்கை. சாயங்காலம் பூசை செய்து நடை சாத்தியவர் மறுநாள் காலை திறக்க மாட்டார், வேறொருவர் திறப்பார். ‘அகம் கண்டது புறம் கூறேன்’ என்று அவர்கள் சத்தியம் செய்வதாகச் சொல்வார்கள். நான்கு சொல்லில் ஒரு நாவலுக்கான முடிச்சு. பார்த்தவனால் சொல்ல முடியாது, சொல்லக்கூடியவன் பார்க்கவில்லை.

தாழ்பனைக்கு நான் வைக்கும் சோதனை தொழிலிலிருந்து வருகிறது. வருகிறவனிடம் ஒரு கலயமும் கொஞ்சம் சுண்ணாம்பும் கொடுத்து வாசல் பனையில் கட்டச் சொல்வார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு ஒழுங்காகத் தடவியிருந்தால் விடியும்போது அக்கானி இருக்கும், சோம்பியிருந்தால் புளித்துக் கள்ளாகியிருக்கும். கள்ளானவனைத் துரத்த மாட்டார்கள். அதைக் குடித்துவிட்டு இன்னொரு ராத்திரி வெளியே படுக்கலாம். எத்தனை ராத்திரி வேண்டுமானாலும். வாசலுக்கு வெளியே அப்படி ஒரு கூட்டம் வருடக்கணக்காகச் சந்தோஷமாகக் குடித்துக்கொண்டு கிடக்கிறது. உள்ளே இருக்கிறவர்களைவிட அவர்களைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசையாக இருக்கிறது.

நான்காம் படி: சாமி என்ன விலை கொடுக்கிறது?

மற்ற எந்தப் படியில் நேரமில்லை என்றாலும் இதில் உட்காருங்கள்.

எல்லாம் வல்ல ஒரு தெய்வம் கையசைத்து ஒரு நாட்டை உண்டாக்கினால் அதில் பதற்றம் இருக்காது. நம் பக்கத்துத் தெய்வங்கள் அப்படியல்ல. திருவட்டாறு பெருமாளை மறுபடி நினைத்துப் பாருங்கள். மூன்று வாசல் வழியாகப் பார்த்தால்தான் முழுத் திருமேனியும் தெரியும், அவ்வளவு நீளமான சயனம். தலபுராணம் சொல்வது, அது வெறும் ஓய்வல்ல. கேசன் என்ற அசுரனை அடக்கி அவன்மேல் கிடக்கிறார் என்று. இதைக் கதைக்காரன் காதோடு கேளுங்கள். எழுந்தால் கீழே கிடப்பவனும் எழுந்துவிடுவான் அல்லவா? பக்தனுக்கு அது தரிசனம், சாமிக்கு அது காவல் வேலை.

குமரி அம்மன் கதை இன்னும் கூர்மை. பாணாசுரனுக்குக் கன்னிப் பெண் கையால் மட்டுமே சாவு. அதனால் அம்மனுக்குக் கல்யாணம் நடக்கக் கூடாது. சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளையான சிவன் புறப்பட்டு வரும் வழியில் நாரதர் சேவலாகக் கூவ, முகூர்த்தம் தப்பியது என்று நினைத்து அவர் வழுக்கம்பாறையோடு திரும்பிவிடுகிறார். சமைக்க வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாயிற்று என்கிறார்கள். கடற்கரையில் அரிசி போலக் கிடக்கும் அந்த மணலைச் சின்ன வயதில் பொறுக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. உலகம் பிழைத்தது, அவளுக்குக் கல்யாணம் இல்லை. இப்படி ஒரு கணக்கு உங்கள் தெய்வத்துக்கும் இருக்க வேண்டும்: அடைக்கலம் கொடுப்பதற்காக அது எதை இழந்தது, இன்றும் எதை இழந்துகொண்டிருக்கிறது?

விடிலிக்காரிக்கு நான் வைக்கும் கணக்கு: அடுப்பில் கொதிக்கும் அக்கானியை அவள் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கிண்டும்வரை பனைகள் தாழ்ந்து நிற்கும். கையை எடுத்தால் அத்தனை மரமும் பழைய உயரத்துக்கு ஒரே நேரத்தில் எழும்பும், யார் யார் அப்போது எதில் சாய்ந்திருக்கிறார்களோ அவர்களையும் தூக்கிக்கொண்டு. அதனால் வெளியுலகில் ஒருவன் பனையிலிருந்து வழுக்கி ‘அம்மா’ என்று கத்தும்போது அவளுக்குக் காது கேட்கும், போக முடியாது. காப்பாற்றியவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதால் விழுகிறவனைக் காப்பாற்ற முடியாத தெய்வம். இவளை வைத்துக்கொண்டு கதை எழுதத் தெரியாவிட்டால் வேறு தொழில் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: தண்ணீர், சோறு, கூரை

இதைச் சுருக்கமாக முடிக்கலாம், விட்டுவிடக் கூடாது. குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சமைக்கிறார்கள், எது பழுதாகும், யார் சரிசெய்வார்கள். நாகர்கோவில் நாகராஜா கோயிலில் மூலவர் இருக்குமிடத்துக்கு இன்றும் ஓலைக்கூரைதான். ஆடி மாதம் புதிதாக வேய்கிறார்கள். பிரசாதமாகத் தருவது அங்கே ஊறும் மண். ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெள்ளையாகவும் இருக்கும் என்பார்கள். வருடா வருடம் கூரை மாற்ற வேண்டிய புனித இடத்தில் மனிதனுக்கு வேலை இருக்கிறது. மண்ணின் நிறம் மாறினால் நாட்டுக்குள் காலமும் ஓடுகிறது. அழியாத பளிங்கு மண்டபத்தில் இந்த இரண்டும் கிடையாது.

தண்ணீருக்கு ஓர் உதாரணம் புலியூர்க்குறிச்சி. 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டு 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், கைதியாகக் கொண்டு போகப்படும் வழியில் தாகத்தில் முழங்கையால் பாறையை இடிக்க அதில் நீர் சுரந்தது என்று அங்கே சொல்கிறார்கள். மக்கள் இன்றைக்கும் போய் அந்த நீரைப் பார்க்கிறார்கள். உங்கள் நாட்டின் ஊற்றுக்கும் இப்படி ஒரு முழங்கை இருக்கட்டும்.

ஆறாம் படி: பக்கத்து நாட்டுச் சாமிகள்

ஒரே ஒரு தெய்வம், ஒரே ஒரு நாடு என்று எழுதினால் உலகம் மெலிந்துவிடும். நாகராஜா கோயில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். சிதறால் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு நடுவே பிற்காலத்தில் பகவதி குடியேறினாள். கோட்டாறு சவேரியார் கோயிலுக்கும் தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவுக்கும் எந்த மதத்துக்காரர் எப்போது வருவார் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. பீர்முகம்மது அப்பா ஞானப் பாடல்களைத் தமிழில்தான் பாடினார். சண்டைகளும் நடந்திருக்கின்றன, அதை மறைத்து எழுதினால் அது சுற்றுலாத் துறைத் துண்டுப் பிரசுரம் ஆகிவிடும். உங்கள் வரைபடத்தில் பக்கத்து நாடு இரண்டு போட்டு, எந்த நாளில் எந்த வாசல் பொது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மிச்சம் எழுதும்போது வரும்.

ஏழாம் படி: சொல்லும் முறை

நாட்டைக் கட்டியாயிற்று, இனி வாசகனுக்கு எப்படிக் காட்டுவது? நான்கு பக்கம் வர்ணனை வேண்டாம். வில்லுப்பாட்டுக்காரர்கள் காப்புப் பாடி, வருபொருள் உரைத்து, குருவடி வணங்கி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடித்தான் கதைக்குள் போவார்கள். நாட்டு வளம் நீண்டால் கூட்டம் எழுந்து கடலை வாங்கப் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ போடும் இடைவெளியில் தலைவர் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துவிடுகிறார். நமக்கு முகம் தெரியாது. அதனால் இன்னும் குறைவாகவே சொல்ல வேண்டும்.

கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் குடத்தில் முதல் அடி விழுந்ததிலிருந்து வாழி பாடும்வரை உட்காருங்கள். நடுவில் கோமரத்தாடிக்கு அருள் வரும், படையல் வைத்துப் படப்புப் போடுவார்கள், கதை நிற்கும், திரும்பத் தொடங்கும். சாமி பேசும்போது வாக்கியம் எவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். சினிமாச் சாமிகள் செந்தமிழில் நீட்டுவார்கள். கொடையில் வரும் சாமி ‘எனக்க எல்லையில ஏன் வெட்டுன?’ என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடும். உங்கள் தெய்வமும் அப்படிப் பேசட்டும். படம்பிடிக்க நினைத்தால் கொடை நடத்துகிற ஊர்ப் பெரியவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அருள் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு நேரே போனை நீட்ட வேண்டாம்.

மேசை விளையாட்டு நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஆட்டக்காரர்கள் அடைக்கல நாட்டுக்குள் வந்ததும் காயத்தை ஆற்றிக்கொண்டு, வந்த வழியே கிளம்பிவிடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். தாழ்பனைக்கு வந்தால் துடுப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒருவன் பிடித்தால் விடிலிக்காரி ஒரு நாழிகை வெளியே போய்வர முடியும். போனவள் திரும்பி வருவாளா என்று அவனுக்கும் தெரியாது, பகடையை உருட்டும் உங்களுக்கும் தெரியக் கூடாது.

முதல் காட்சியை நாட்டுக்கு வெளியேதான் வைக்க வேண்டும். கலயம் கள்ளாகிப்போன ஓர் ஆள், வாசல் பனையடியில், விடிகாலையில். நேற்று சுண்ணாம்பு கொஞ்சம் குறைவு. இன்றைக்குக் கூடுதலாகப் பூசலாமா, இல்லை இதைக் குடித்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாமா என்று அவன் யோசிக்கும்போது, மலைப்பக்கமிருந்து யாரோ ஓடி வரும் சத்தம். ஓடி வருவது யார், துரத்துவது யார், எல்லைக் கோடு அவன் காலிலிருந்து எத்தனை அடி என்பதை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.